பல் டாக்டரின் ஜெர்மன் கார்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று ஓடியது. இன்னொன்றைப் பற்றிப் பேசினோம்.

ஓடிய கார் என்னுடையது. ஜப்பான்காரன் வரைந்து கொடுத்து நம் நாட்டில் செய்த சின்னக் கார். மகளை எல்.கே.ஜி.யில் விட்ட நாளிலிருந்து பெங்களூர் ஹாஸ்டலில் கொண்டுபோய் இறக்கிய நாள்வரை அதுதான் எங்களைச் சுமந்தது. வெள்ளை நிறத்தில் வாங்கியது, பதினைந்து வருஷத்தில் மோர் நிறத்துக்கு வந்திருந்தது. பின்கதவில் பள்ளிக்கூட கேட் உரசிய தடம், முன்பக்கம் ஒரு மாட்டின் கொம்பு பட்ட தடம். எதற்கும் யாரும் வருத்தப்பட்டதில்லை. சுரண்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தென்காசியிலிருந்து தினமும் அதில்தான் போய் வந்தேன். சாவியைத் திருப்பினால் கிளம்பும். கிளம்பாமலும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

பேசப்பட்ட கார் என் கணவருடையது. அவர் பல் டாக்டர். கிளினிக் வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிஷம், காரில் போனால் ஒருவழிப்பாதையைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம். இப்படிப்பட்ட மனிதருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்பது நியாயம். நானும் கேட்டேன்.

"ஏட்டி, ஜெர்மன்காரன் செஞ்சது ஒரு கார் இல்ல. அது இன்ஜினியரிங்" என்றார்.

"அப்ப என் கார்?"

"அது வண்டி."

மகள் ஹாஸ்டலுக்குப் போன வருஷம்தான் இது ஆரம்பித்தது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலியானது. அந்த இடத்தில் அவர் போனைச் சாய்த்து வைத்து, வெளிநாட்டுக்காரர்கள் மலைப்பாதையில் கார் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்தபடி சாப்பிட்டார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே திருப்பங்கள் வந்து போயின. எந்த நாட்டுக் கார் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. இத்தாலிக்கார் அழகு, ஆனால் நம்ப முடியாது. இங்கிலீஷ் கார் எண்ணெய் ஒழுகும். அமெரிக்கன் காருக்குத் தின்னத்தான் தெரியும். ஜப்பான் கார் கெடாது, ஆனால் கெடாமல் இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஜெர்மன் கார் மட்டும்தான் காலத்துக்கும் நிற்கும். இதையெல்லாம் அவர் கிளினிக்கில் நோயாளிகளிடமும் விளக்கினார். அவர்கள் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார்கள், அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

கொச்சியில் ஒரு கார் விற்பனைக்கு இருந்தது. இரண்டே சீட்டு, இரண்டே கதவு, கருநீலம், துணிக்கூரை. பட்டனை அழுத்தினால் கூரை தானாக மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். வயது பதினொன்று. நாங்கள் என் சின்னக் காரில் மலையேறி இறங்கிக் கொச்சிக்குப் போனோம். விற்றவர் கனடாவில் மகனிடம் போய்ச் சேரப் போகிற ஒரு வியாபாரி. என் கணவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, எதுவும் புரியாமல், மரியாதையாக மூடினார். பல்லைப் பார்ப்பதுபோலச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இதுல அடிக்கடி என்ன கோளாறு வரும்?" என்று நான்தான் கேட்டேன்.

அந்த மனிதர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சேச்சி, இது ஜெர்மன் சாதனமாணு. ஒண்ணும் ஆவில்லா" என்றார் மலையாளத்தில். ஒன்றும் ஆகாதாம்.

ஊர் திரும்பும்போது என் கணவர் முன்னால் ஜெர்மன் காரில் போனார், நான் பின்னால் சின்னக் காரில். புனலூர் தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவருடைய காரைச் சுற்றி நாலைந்து பேர் செல்போனோடு வந்துவிட்டார்கள். அவர் இறங்க முயன்றார். கார் தரையோடு தரையாக இருந்தது. வலது காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, ஒரு முனகலோடு எழுந்தார். அந்த முனகல் வீடியோவில் பதிவாகியிருக்கும். வீடு வந்து சேர்ந்ததும் இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். குப்புறப் படுத்தபடி, "என்னா கன்ட்ரோல்!" என்றார்.

முதல் மூன்று மாதம் கார் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். அதாவது, அதிகம் ஓட்டவில்லை. வேம்புக்கும் சரக்கொன்றைக்கும் நடுவே ஷெட்டு போட்டு நிறுத்தினார். ஷெட்டென்றால் மேலே தகரம், மூன்று பக்கமும் திறப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் துணியால் துடைத்து, குற்றாலம் வரை போய்த் திரும்புவார். ரோட்டில் எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது என்று மனப்பாடம். ஒவ்வொன்றிலும் காரைக் குறுக்காக ஏற்றி, குறுக்காக இறக்குவார். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்துக் கதறுவார்.

சீசனுக்கு நாலு மாதம் முன்னால் ஒரு ஞாயிறு என்னையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். கூரையைத் திறந்துகொண்டு போனோம். வெயில் உச்சியில் இறங்கியது. நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கும் நேரத்தில் ஒரு குரங்கு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. பழம் காட்டி இறக்கலாம் என்று இவர் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினார். அது இறங்கி வந்து பழத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி போய் அதே சீட்டில் உட்கார்ந்து தின்றது. அப்புறம் கண்ணாடியோரத்து ரப்பரைக் கொஞ்சம் பிய்த்துப் பார்த்தது. அன்றிலிருந்து கூரை திறக்கப்படவில்லை. கூரை திறக்கிற காரை வாங்கி, கூரையை மூடியே வைத்திருந்தோம்.

அதற்கப்புறம் விளக்குகள் ஆரம்பித்தன. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு படம் ஒளிரும். இவர் முகம் வெளிறும். உடனே மதுரைக்குப் போன். அங்கே இந்த மாதிரிக் கார்களைப் பார்க்கிற ஒர்க்ஷாப் ஒன்று இருந்தது. அவர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அப்புறம் காரையே அனுப்பச் சொல்வார்கள். பேட்டரி இறங்கியிருக்கும், ஒரு வயர் மக்கியிருக்கும், கூலன்ட் குடுவையில் கீறல் விட்டிருக்கும். கார் லாரியின் முதுகில் ஏறி மதுரை போகும், அங்கிருந்து லாரியின் முதுகிலேயே திரும்பி வரும். அந்தச் சில மாதங்களில் அது தன் சொந்தச் சக்கரத்தில் போனதைவிட லாரியில் போன தூரம் அதிகம் இருக்கும். லாரி டிரைவர் எங்கள் வீட்டில் சொல்லாமலே காபிக்கு உட்காருகிற அளவுக்குப் பழகிவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் இவரைக் காரிடம் அழைத்துப் போகவும், அழைத்து வரவும் என் சின்னக் கார்தான் மதுரைக்குப் போனது. வழியெல்லாம் இவர் ஜெர்மன் காரின் உழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். நான் ஒரு தடவை சொன்னேன்: "இப்ப நாம எதுல போயிக்கிட்டு இருக்கோம்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க."

"இதுல என்ன இருக்கு கெடுறதுக்கு?" என்றார்.

சாரல் வந்தது. ஜூன் கடைசியில் தென்காசிக்காரர்களுக்குக் குணமே மாறிவிடும். குடை பிடிக்காமல் நடப்பார்கள், காரணமில்லாமல் சிரிப்பார்கள். மேற்கே மலை தெரியாது, வெள்ளையாக மூடிக் கிடக்கும். காற்று தூவலைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள்ளும் எறிந்தது. சரக்கொன்றையின் பூவும் வேம்பின் இலையும் துணிக்கூரையில் ஒட்டிக்கொண்டன. அழகாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெர்மன் கார் தானாக ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். நான்கு பக்க விளக்குகளும் மின்னின. கதவுகள் தாமாகப் பூட்டின, தாமாகத் திறந்தன. வலதுபக்கக் கண்ணாடி மெதுவாக இறங்கி, பாதியில் நின்று, சாரலை உள்ளே அழைத்தது. இவர் சாவியில் இருந்த எல்லாப் பட்டனையும் அழுத்தினார். கார் கண்டுகொள்ளவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து, "டாக்டர், சின்னப் பிள்ள தூங்குது!" என்று ஒரு அம்மாவின் குரல். கடைசியில் பேட்டரியின் வயரைக் கழற்றச் சொல்லலாமென்று, செங்கோட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு நான் போன் செய்தேன். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ஓடுகிற டெம்போக்களைப் பார்க்கிறவர் அவர். என் சின்னக் காருக்கும் அவர்தான். ஜெர்மன் காரை அவரிடம் இதுவரை காட்டியதில்லை. காட்டக்கூடாது என்பது என் கணவரின் கொள்கை.

மெக்கானிக் வந்து பேட்டரியைக் கழற்றியதும் தெருவே மூச்சுவிட்டது. பிறகு செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு காருக்குள் ஒரு காலை வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர், உள்ள தண்ணி கெடக்கு."

"கண்ணாடி எறங்கிட்டுல்லா, சாரல் அடிச்சிருக்கும்."

"இது இன்னைக்கி அடிச்ச தண்ணி இல்ல." விரிப்பைத் தூக்கினார். கீழே பஞ்சு ஊறிப் போய், சீட்டுக்கு அடியில் ஒரு சாண் குளம். "அயிர மீனு விடலாம், பாத்துக்கிடுங்க."

சீட்டைக் கழற்றிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. கதவு, கண்ணாடி, ஹாரன், அலாரம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஹெட்மாஸ்டர் என்று மதுரைக்காரர்கள் போனில் சொன்னார்கள். ஹெட்மாஸ்டரைக் கொண்டுபோய்த் தண்ணீர் தேங்கும் இடத்தில் உட்கார வைத்தது எந்த இன்ஜினியரிங் என்று நான் கேட்கவில்லை. என் கணவரின் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் தன் காரிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கன வழியா வருதுன்னு தெரியாம மொண்டு என்ன பிரயோஜனம்?" என்றார் மெக்கானிக். "டீச்சர், இதுக்கு புஸ்தகம் ஒண்ணு குடுத்திருப்பானே?"

புத்தகம் இருந்தது. டாஷ்போர்டு அறையில், தோல் உறைக்குள், யாரும் பிரிக்காத மணத்தோடு. பதினோரு வருஷத்தில் அதைப் படித்த முதல் ஆள் நானாக இருக்க வேண்டும். விடைத்தாள் திருத்துகிற கையோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தேன். முந்நூறு பக்கம். எனக்குக் கார் பிடிக்காது, ஆனால் ஒழுங்காக எழுதிய புத்தகம் பிடிக்கும். படிப்படியாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதியிருந்தார்கள். கூரை மடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் துளைகள் உண்டு, இலைதழை விழும் இடங்களில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நீர் உள்ளே இறங்கும் என்று ஒரு பக்கத்தில் கட்டம் போட்டுச் சொல்லியிருந்தது.

இவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இவர் தினமும் இருபது பேரிடம், "வலி வந்த பெறவு வந்தா நான் என்ன செய்ய முடியும்? ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டணும்லா?" என்று சொல்கிறவர். வருஷத்துக்கு இரண்டு முறை என்ற வரியைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பைக்கின் பழைய கிளட்ச் ஒயரை விட்டுக் குத்தி மெக்கானிக் அந்தத் துளைகளைத் திறந்தார். சரக்கொன்றைப் பூ மக்கிய சேறு கறுப்பாக வழிந்தது. பெட்டியைத் திறந்து துடைத்து, சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது, என் அரிசி டிரம்மில் புதைத்து வைத்தோம். புதுப் பெட்டி ஜெர்மனியிலிருந்து வர வேண்டும், அதற்கு இரண்டு மாதம் என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். எட்டாம் நாள் அரிசிக்குள்ளிருந்து எடுத்து மாட்டினார் மெக்கானிக். கார் கிளம்பியது. வலதுபக்கக் கண்ணாடி மட்டும் அன்றிலிருந்து தன் இஷ்டத்துக்குத்தான் ஏறும்.

"ஒண்ணு கேட்டுக்கிடுங்க டாக்டர்" என்றார் மெக்கானிக். "மார்க்கெட் டெம்போ ஒரு நாள் நிக்காம ஓடுது. அதுல ஒரு பயலும் கை வைக்கதில்ல, ஆனாலும் ஓடுது. உங்க வண்டிக்கி நிக்கதுதான் சீக்கு. பேட்டரி சாவுது, ரப்பரு வெடிக்கி, பிரேக்கு துருப்பிடிக்கி. தெனமும் ஓட்டுங்க."

தினமும் எங்கே ஓட்டுவது? கிளினிக்குக்கு ஓட்டினால் இன்ஜின் சூடாவதற்குள் கிளினிக் வந்துவிடும். புத்தகத்தில் அதுவும் தப்பென்று போட்டிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் மறுத்தேன். சேலை கட்டிக்கொண்டு அந்தக் காரில் ஏறுவது கிணற்றில் இறங்குகிற காரியம். சுரண்டை ரோட்டில் பதினான்கு வேகத்தடை. பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? "ஒரு வாரம் மட்டும்" என்றார் இவர். அவர் குரலில் கேட்ட கெஞ்சலை நான் கல்யாணத்துக்கு முந்திகூடக் கேட்டதில்லை.

முதல் நாள் பள்ளி வாசலில் இறங்கியபோது பிளஸ் டூ பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு எழுந்தேன். ஸ்டாஃப் ரூமில் தமிழம்மா கேட்டார்: "டீச்சர், உங்க வீட்டுக்காரர் பல்லு புடுங்குதாரா, இல்ல வேற என்னமும் புடுங்குதாரா?"

ஒரு வாரம் என்றது ஒரு மாதமானது, பிறகு ஒரு வருஷமானது. சொன்னால் இவருக்குச் சந்தோஷமாகிவிடுமே என்று நான் சொல்லவில்லை, ஆனால் கார் கெடவே இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விரிப்பு காய்ந்தது. பின்சீட்டு இல்லாததால் விடைத்தாள் கட்டுகளைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன், இல்லாவிட்டால் கார் கத்தும். திரும்பும்போது முருங்கைக்காய், கத்தரிக்காய், ஒரு தடவை ஒரு பூசணிக்காய். ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தபோது, பூவைப் படமெடுக்க வந்தவர்கள் திரும்பி நின்று என்னைப் படமெடுத்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, காலாண்டு விடுமுறையில் ஒன்றும் முழுஆண்டு விடுமுறையில் ஒன்றும், கிளட்ச் ஒயரோடு மெக்கானிக் வருவார். நான் புத்தகத்தோடு நிற்பேன். அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று வாசிப்பேன், அவர் மாற்றுவார். மதுரை லாரி டிரைவர் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தவர், "என்னாச்சு, ஒரு தகவலும் இல்லயே?" என்று கவலையாக விசாரித்துவிட்டுப் போனார்.

சின்னக் கார் இவர் கைக்குப் போயிருந்தது. இவர் அதை வாரத்துக்கு இரண்டு முறை எடுப்பார். அதன் பானெட்டை இவர் திறந்து நான் பார்த்ததில்லை. எடுத்த இடத்தில் நிறுத்துவார், நிறுத்திய இடத்தில் மறப்பார். கழுவிவிடச் சொன்னால், "அதுக்கு என்ன, அது பாட்டுக்கு ஓடும்" என்பார்.

நானும் பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருஷம் தை மாதத்தில் புனலூரில் இவருடைய காலேஜ் நண்பரின் மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் திருத்த வேண்டிய தாள் கட்டு கட்டாகக் கிடந்ததால் இவர் மட்டும் கிளம்பினார். பரிசு ஆளுயரத்தில் முக்கால்வாசி வரும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அது ஜெர்மன் காருக்குள் நுழையாது. "நம்பிப் போறதுக்கு இதுதான் சரி" என்று சின்னக் காரின் பின்சீட்டில் விளக்கைப் படுக்க வைத்துவிட்டுப் போனார். அந்தக் காரை இவர் வாய் திறந்து பாராட்டியது அன்றைக்குத்தான்.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. ஆரியங்காவுக்கு முன்னால் நிற்கிறாராம்.

"ஏட்டி, ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பெறகு ஒரு சத்தமும் இல்ல."

"விளக்கு ஏதும் எரிஞ்சுதா?"

"செவப்பா ஒண்ணு எரிஞ்சுது. புளியரை தாண்டுறதுக்கு முன்னாடியே."

"நிறுத்தலியா?"

"நம்ம வண்டியில விளக்கு எரிஞ்சா சும்மாதான எரியும்னு நெனச்சேன்."

ஜெர்மன் காரில் மஞ்சள் விளக்கு மினுங்கினால் மதுரையை எழுப்புகிற மனிதர், சின்னக் காரில் சிவப்பு விளக்கு எரிய எரிய மலையேறியிருக்கிறார்.

மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துவர ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, வீட்டில் கட்டியிருந்த சேலையோடு, விரலில் சிவப்பு மையோடு நான் ஜெர்மன் காரில் கிளம்பினேன். செங்கோட்டை தாண்டினேன், புளியரை தாண்டினேன். ரோடு மலைக்குள் திரும்பியது.

அந்தக் காரை அதுவரை நான் சமதரையில்தான் ஓட்டியிருந்தேன். முதல் கொண்டை ஊசி வளைவில் கார் உருளவில்லை, சாயவில்லை, ரோட்டைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த இடத்துக்குப் போய் நின்றது. அடுத்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது. மூன்றாவதில் கியரை இறக்கினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் எழும்பி என் முதுகெலும்பில் ஏறியது. ஒரு இடத்தில் ஓரமாக நிறுத்தி, இரண்டு வருஷமாக யாரும் தொடாத அந்தப் பட்டனை அழுத்தினேன். கூரை முனகிக்கொண்டே மடிந்தது. மேலே தேக்கும் மூங்கிலும் ஒன்றோடொன்று கூடி நின்றன, நடுவில் வானம். தை மாதக் குளிர் மூக்கில் ஏறியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கணவர் நடுரோட்டில் நிற்கிறார், பதினேழு வருஷம் சுமந்த கார் செத்துக் கிடக்கிறது, நான் இங்கே சிரிக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே அடுத்த வளைவையும் கொஞ்சம் வேகமாகத்தான் எடுத்தேன்.

இவர் ரோட்டோரத்தில் சின்னப் பாலத்தின் கலுங்குத் திண்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஜிகினாத் தாள் சுற்றிய குத்துவிளக்கு. பக்கத்தில் சின்னக் கார், மூக்கில் ஒரு எரிந்த வாடையோடு நின்றது. நான் கூரை திறந்து வருவதைப் பார்த்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

மெக்கானிக் டெம்போவோடு வந்து பானெட்டைத் திறந்தார். எண்ணெய் பார்க்கிற குச்சியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினார். குச்சி துடைத்தபடியே வந்தது.

"ஒரு சொட்டு இல்ல. கடைசியா எப்ப ஊத்துனிய?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடியில் எங்கேயோ மாசக்கணக்கில் கசிந்திருக்கிறது. நிறுத்தின இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சொல்லிப் பார்த்திருக்கிறது.

"நான் பாக்கலியே" என்றார் இவர். மெக்கானிக்கிடம் இல்லை, காரிடம் சொன்னதுபோல இருந்தது. பின்கதவில் பள்ளிக்கூட கேட் உரசிய தடத்தின்மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மகளுக்கு அம்மை போட்டபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பின்சீட்டில்தான் இவர் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கலாம், கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் போனோம். குத்துவிளக்கை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இவர் பக்கத்து சீட்டில் உட்கார, அதன் தலை கூரையில்லாத காருக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. தென்மலையில் எதிரே வந்த பஸ் பயணிகள் கும்பிட்டார்கள். காருக்கா விளக்குக்கா தெரியவில்லை. புனலூரில் கடைசிப் பந்தி கிடைத்தது. மூன்று பாயசத்தில் இரண்டு தீர்ந்திருந்தது.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டில் இன்ஜினைப் பிரித்துக் காட்டினார். உள்ளே எல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. "டாக்டர், இத சரிபண்ணுத செலவுக்கு இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கலாம். காயலாங்கடைக்குப் போட்ருவமா?"

"போடக்கூடாது" என்றார் இவர்.

"வெறும் வண்டிதான டாக்டர்?"

"செய்யச் சொன்னா செய்யும்வே" என்றார். அவர் மெக்கானிக்கிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

திருநெல்வேலியில் விபத்தில் நொறுங்கிய அதே ரகக் கார் ஒன்றின் இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டினார் மெக்கானிக். ஆறு வாரம் ஆயிற்று. சின்னக் கார் வீடு வந்த அன்று என் கணவர் அதன் பானெட்டைத் தன் கையால் முதல்முறையாகத் திறந்தார். எண்ணெய்க் குச்சி எது என்று நான் காட்டினேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் கிளினிக் போகுமுன் பார்த்தார். குச்சியில் கோட்டுக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் கொஞ்சம் ஊற்றினார். குறையாவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் ஊற்றினார். என்னிடமோ மெக்கானிக்கிடமோ சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் சின்னக் கார் தெருவே மறையும்படி நீலப்புகை விட்டது. மெக்கானிக் வந்தார். குச்சியை உருவினார். மேல்கோட்டைத் தாண்டிப் பிடிவரைக்கும் எண்ணெய் வழிந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, நட்டைத் திருகி, ஒரு வாளியில் வடியவிட்டார். வடிந்துகொண்டே இருந்தது.

"டாக்டர், ஊத்தாமலும் கொன்னிய, ஊத்தியும் கொல்லப் பாக்கிய" என்றது காருக்கு அடியிலிருந்து குரல். "கொஞ்ச நாளைக்கி இந்த வண்டிப் பக்கம் வராதிய."

இவர் வாளியில் இருந்த எண்ணெய் சுத்தமாக, தேன் நிறத்தில் இருப்பதைக் குனிந்து பார்த்து, அதைத் திரும்ப உபயோகிக்கலாமா என்று கேட்டார். எனக்கு முதல் பீரியட் பிளஸ் ஒன்னுக்கு இருந்தது. விடைத்தாள் கட்டுக்கு பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.